பழைய சீமெந்து மிக்சருக்குப் புது மோட்டார்: முழுமையான வழிகாட்டி

வன்னியில் இன்று ஓடுகிற சீமெந்து மிக்சர்களில் பல, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீட்டு வேலைகள் மும்முரமாக நடந்த காலத்தில் வந்தவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை, ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவித்தொகையில் வீட்டுக்காரரே நின்று கட்டுவித்தவை. அத்திவாரம், தூண், பீம் என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை கொங்கிரீட் கலந்த இயந்திரங்களின் இரும்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. போவது மோட்டார். டிரம்மும் அதைச் சுற்றியிருக்கும் பல்வளையமும் உறுதியாக இருக்கிற ஒரு மெசினை, மோட்டார் எரிந்துவிட்டது என்பதற்காகப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுக்கத் தேவையில்லை.

மோட்டார் மாற்றுவதில் கழற்றிப் பூட்டுகிற வேலை அரை நாள் வேலை. சரியான மோட்டாரைத் தெரிந்தெடுப்பதில்தான் காரியம் கெடுகிறது. கடைக்குப் போய் "ஒரு குதிரைவலு மோட்டார் ஒன்று தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரர் தருவார். அது மிக்சருக்குப் பொருந்துமா என்பது வேறு கதை. குதிரைவலு கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றுதான். நிமிடத்துக்கு எத்தனை சுற்று, நின்ற இடத்திலிருந்து இழுத்து எழும்பும் பலம் எவ்வளவு, தண்டின் தடிப்பு என்ன, தூசிக்கும் தண்ணீருக்கும் தாங்குமா என்ற மற்றக் கேள்விகளைக் கேட்காமல் வாங்கிய மோட்டார்கள்தான் ஒரு கோடைக்குள் திரும்பவும் எரிந்து வருகின்றன.

இங்கே சொல்வது இரும்புச் சட்டத்தில் மோட்டார் தனியாகப் பூட்டியிருந்து, வி பெல்ட்டால் ஓடும் ஒற்றைப் பேஸ் மிக்சரைப் பற்றி. அரை மூட்டை, ஒரு மூட்டை கலக்கும் பழைய மெசின்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பெட்டிக்குள் மோட்டார் மறைந்திருக்கும் சின்ன இறக்குமதி மெசின்களுக்கு அதே மாதிரி மோட்டாரையே தேடி வாங்குவதுதான் புத்தி. அவற்றின் பெல்ட்டும் புல்லியும் வேறு எதற்கும் பொருந்தாது.

முதலில், மோட்டார்தானா பழுது?

"அண்ணை, மெசின் உறுமுது, சுத்துதில்லை" என்றுதான் மேசன்மார் பெரும்பாலும் கோல் எடுப்பார்கள். உறுமுகிற மோட்டாருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை எடுத்துவிட்டு, வெறும் டிரம்மைக் கையால் சுழற்றிப் பாருங்கள். டிரம் அசைய மறுத்தால் குற்றம் மோட்டாரில் இல்லை. சின்னப் பல்சக்கரத்துக்கும் பல்வளையத்துக்கும் இடையில் சீமெந்து இறுகியிருக்கும், அல்லது தண்டின் பேரிங் பிடித்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது மோட்டார் பூட்டினால் அதுவும் எரியும்.

டிரம் தாராளமாகச் சுற்றுகிறதா? அடுத்தது மோட்டாரின் தண்டு. கையால் சுழற்றும்போது கரகரத்தாலோ, மேலும் கீழும் ஆடினாலோ மோட்டாரின் பேரிங் போய்விட்டது. அதை மாற்றினாலே பல மோட்டார்கள் பிழைத்துக்கொள்ளும்.

தண்டும் சரியென்றால், மோட்டார் தொடங்கவும் ஓடவும் உதவுகிற மின்தேக்கியான கப்பாசிட்டரைப் பாருங்கள். அதைத் தொடுவதற்கு முன் அதிலிருக்கும் மின்னை இறக்க வேண்டும். ஒரு குண்டு பல்பின் ஹோல்டரிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் கப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும் சில விநாடி தொடவைத்தால் போதும். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தட்டிப் பொறி பறக்க வைக்கும் பழக்கம் கண்ணுக்கும் கப்பாசிட்டருக்கும் கூடாது. வீங்கியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால் மாற்றுங்கள். கப்பாசிட்டர் அளக்கும் மல்டிமீற்றர் இருந்தால், மேலே எழுதியிருக்கும் அளவிலிருந்து பத்து வீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டாரைக் கையால் சுழற்றிவிட்டு ஓட வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். புல்லிக்கும் பெல்ட்டுக்கும் இடையில் விரல் போக ஒரு கணம் போதும்.

சுவிச்சைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிச் விழுகிறது என்றால் கொயிலில் ஈரம் ஏறியிருக்கலாம். மாரி முடிந்து தை மாதத்தில் மெசினை வெளியே எடுக்கும்போது இது சாதாரணம். மூடியைக் கழற்றி இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்துவிட்டு, கொயிலுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையில் மெகர் (மின்காப்பை அளக்கும் மீற்றர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெகரில் ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டினால் மோட்டாரைக் காப்பாற்றலாம். கொயில் கறுத்து, வார்னிஷ் கருகிய மணம் வந்தால் அது முடிந்த மோட்டார்.

கழற்றுவதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

கொப்பி ஒன்றை எடுங்கள். போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அளவுகளைப் படம் சொல்லாது.

மோட்டாரின் தகட்டைக் கம்பித் தூரிகையால் உரசாமல், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் எழுத்துகள் வெளியே வரும். கிலோவாட் அல்லது குதிரைவலு, வோல்ட், அம்பியர், நிமிடச் சுற்று ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தகடு விழுந்துபோயிருந்தால் மெசினிலிருந்தே கணக்குப் பார்க்கலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

பிறகு மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைச் சட்டத்தில் பெயின்டால் அம்புக்குறி போட்டு வையுங்கள். மோட்டார் எரிந்துபோய் ஓட்டிப் பார்க்க முடியாவிட்டால் மெசினோடு வேலை செய்தவர்களைக் கேளுங்கள். டிரம்மின் எந்தப் பக்கத்தில் கலவை மேலேறி விழுந்தது என்பது அவர்களுக்கு மறக்காது. பெல்ட்டின் முதுகில் உள்ள இலக்கம், இரண்டு புல்லிகளின் வெளி விட்டம், மோட்டார்த் தண்டின் விட்டம், கால்களில் உள்ள போல்ட் துளைகளின் நடுவுக்கு நடு தூரம் நீளவாட்டிலும் அகலவாட்டிலும், காலின் அடியிலிருந்து தண்டின் நடு வரையான உயரம். இவ்வளவும் வேண்டும். தண்டின் விட்டத்தை அடிமட்டத்தால் அளக்க வேண்டாம். வேர்னியர் இல்லாவிட்டால் கடைச்சல் பட்டறையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் அளந்து தருவார்கள்.

கழற்றுதல்

பிளக்கைக் கழற்றி, அதை உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். வேறு யாரும் செருகிவிடக் கூடாது. டிரம் ஆடாதபடி ஒரு கட்டையை முண்டு கொடுங்கள்.

கால் போல்ட்கள் பெரும்பாலும் சீமெந்து மூடிக் கிடக்கும். அதைத் தட்டி எடுத்து, துருக்கு எண்ணெயோ டீசலோ விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மோட்டார் எப்படியும் போகப்போகிறது என்பதால் போல்டை வெட்டினாலும் பரவாயில்லை, ஆனால் சட்டத்தில் உள்ள நீள்துளைகளைக் கெடுக்காதீர்கள். பெல்ட்டை இறுக்குவதற்கு அவைதான் வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டியது புல்லியில். தலையில்லாத ஒரு சின்ன ஸ்குரூ புல்லியைத் தண்டோடு பிடித்திருக்கும். சிலவற்றில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு ஸ்குரூ இருக்கும். மேலதைக் கழற்றிவிட்டு, "கழற்றியாச்சு" என்று அடிப்பவர்கள் அதிகம். துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பிறகு புல்லரை (புல்லியை இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி, தண்டின் நடுவில் அதன் முனை நேராக இருக்கும்படி வைத்து, கொஞ்சம் இறுக்குவதும் பொறுப்பதும் எண்ணெய் விடுவதுமாக இழுங்கள். வார்ப்பிரும்புப் புல்லியின் விளிம்பில் சுத்தியலால் ஒரு அடி விழுந்தால் பிறை வடிவில் ஒரு துண்டு பெயர்ந்து வரும். அந்த அளவுப் புல்லியைத் திரும்பத் தேடுவது மோட்டார் தேடுவதைவிடச் சிரமம்.

புல்லி வெளியே வந்ததும் அதன் காடியைப் பாருங்கள். வி பெல்ட் காடியின் இரு பக்கச் சுவர்களில்தான் பிடிக்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. காடியின் அடி வெள்ளிபோல மினுங்கினால் சுவர்கள் தேய்ந்து பெல்ட் கீழே உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் புல்லியையும் மாற்றுங்கள்.

எந்த மோட்டார் வாங்குவது?

நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள் கடைகளில் இரண்டு வேகத்தில்தான் அதிகம் கிடைக்கும். நாலு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1400 முதல் 1440 சுற்று. இரண்டு துருவ மோட்டார் 2800 முதல் 2880 சுற்று. பெல்ட்டால் ஓடும் பழைய மிக்சர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் முதலாவது. தண்ணீர் இறைக்கும் பம்புகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது.

வன்னியில் இந்த இடத்தில்தான் பிழை நடக்கிறது. தோட்டத்தில் சும்மா கிடக்கும் பம்ப் மோட்டாரை எடுத்து மிக்சரில் பூட்டுவார்கள். ஓடும். டிரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். பார்ப்பவர்களுக்கு நல்ல வேகமாகக் கலக்கிறது போலத் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, எதிரே 12 அங்குலப் புல்லி, சின்னப் பல்சக்கரத்தில் 12 பல், டிரம்மின் பல்வளையத்தில் 168 பல் என்று வைத்துக்கொள்வோம். 1440ஐ நான்கால் பிரித்தால் 360. 168 பல்லை 12ஆல் பிரித்தால் 14, அந்த 360ஐப் பதினான்கால் பிரித்தால் ஏறத்தாழ 26. டிரம் நிமிடத்துக்கு 26 சுற்று. இது நல்ல வேகம். கலவை பாதி உயரம் ஏறி, சரிந்து, கீழே விழும். அந்த விழுகைதான் கலக்குகிறது. இதே மெசினில் 2880 சுற்று மோட்டாரைப் பூட்டினால் டிரம் 51 சுற்று. 70 சென்ரிமீற்றர் விட்டமுள்ள டிரம் 50 சுற்றைத் தாண்டும்போது, சுவரோரம் இருக்கும் கலவை விழாமல் சுவரோடு ஒட்டியே சுற்றத் தொடங்கும். சல்லி ஒரு பக்கம், சாந்து ஒரு பக்கம். மோட்டாரோ இருமடங்கு வேகத்தில் இழுக்க வேண்டியிருப்பதால் கூடுதல் கரண்ட் எடுத்துச் சுடும். கொங்கிரீட்டும் கெட்டு, மோட்டாரும் எரியும்.

சின்னப் புல்லி போட்டு வேகத்தைக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். ஒன்றரை அங்குலப் புல்லி போட வேண்டிவரும். ஏ வகை வி பெல்ட் 3 அங்குலத்துக்குக் குறைந்த புல்லியில் வளைந்து ஓடினால் சூடாகி வெடிக்கும், வழுக்கும். அதனால் பம்ப் மோட்டார் வேண்டாம்.

தகடு இல்லாத மெசினுக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பற்களை எண்ணி, புல்லிகளை அளந்து, டிரம்முக்கு 22 முதல் 28 சுற்று வருகிற மோட்டார் எது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். பல்வளையத்தின் பற்களை எண்ணும்போது ஒரு பல்லில் சோக் கட்டியால் அடையாளம் போட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது வலு. அரை மூட்டை மெசினுக்கு 1 முதல் 1.5 குதிரைவலு. ஒரு மூட்டை மெசினுக்கு 2 முதல் 3. ஒரு குதிரைவலு என்பது ஏறத்தாழ 0.75 கிலோவாட். 1:2:4 கலவையில் அரை மூட்டைச் சீமெந்து, அதாவது 25 கிலோ போட்டால், மணலும் சல்லியும் தண்ணீரும் சேர்ந்து டிரம்முக்குள் இருநூறு கிலோவை நெருங்கிவிடும். பழைய மோட்டாரின் வலுவே போதும். ஒரு படி கூட்டி வாங்கினால் நல்லது என்ற எண்ணம் வீட்டு மின்சாரத்தில் ஓடும் மெசினுக்குப் பொருந்தாது, ஏனென்றால் தொடங்கும்போது அது எடுக்கும் கரண்டும் கூடும்.

தொடங்கும் பலம்தான் கடையில் யாரும் கேட்காத கேள்வி. ஓடும் கப்பாசிட்டர் ஒன்று மட்டும் உள்ள ஒற்றைப் பேஸ் மோட்டார் விசிறிக்கும் சின்ன பம்புக்கும் சரி. மிக்சருக்கு அதன் தொடக்க இழுவை போதாது. தொடக்கக் கப்பாசிட்டர் உள்ள மோட்டாரைக் கேளுங்கள். மோட்டாரின் முதுகில் இரண்டு கப்பாசிட்டர் மேடுகள் இருந்தால், ஒன்று தொடங்குவதற்கு, மற்றது ஓடுவதற்கு. மிக்சருக்கு மிகப் பொருத்தம் அதுதான்.

தண்டும் காலும் பற்றி. மில்லிமீற்றர் அளவில் வரும் மோட்டார்கள் சட்ட இலக்கத்தால் (பிரேம் நம்பர்) அறியப்படும். 80 என்று இருந்தால் காலடியிலிருந்து தண்டின் நடு 80 மில்லிமீற்றர் உயரம், தண்டு 19 மில்லிமீற்றர், கால் துளைகள் 125க்கு 100. 90 என்றால் தண்டு 24 மில்லிமீற்றர், துளைகள் 140க்கு 100 அல்லது 140க்கு 125. பழைய மெசின்களில் அங்குல அளவுத் தண்டும் இருக்கும். முக்கால் அங்குலப் புல்லி 19 மில்லிமீற்றர் தண்டில் ஏறக்குறையச் சரியாக உட்காரும். 7/8 அங்குலப் புல்லி, அதாவது 22.2 மில்லிமீற்றர், 24 தண்டில் ஏறாது. கடைச்சல் பட்டறையில் துளையைப் பெருப்பித்து, கீ (புல்லியும் தண்டும் சேர்ந்து சுற்றுவதற்கு இடையில் செருகும் இரும்புத் துண்டு) உட்காரும் காடியும் வெட்டிக்கொள்ளுங்கள். தகரத் துண்டைச் சுற்றி இறுக்குவது, புல்லியைத் தண்டோடு ஒட்டுவது இரண்டும் வேண்டாம். ஒட்டிய புல்லியை அடுத்த முறை எப்படிக் கழற்றுவீர்கள்?

கடைசியாக மூடுகை. தகட்டில் ஐபி 54 அல்லது ஐபி 55 என்று இருக்க வேண்டும். முன் இலக்கம் 5 தூசிக்கு, பின் இலக்கம் 4 தெறிக்கும் தண்ணீருக்கு, 5 பீச்சும் தண்ணீருக்கு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் சீமெந்துத் தூசியும் கிரவல் தூசியும் எங்கே போய்ப் படியும் என்று நினைத்துப் பாருங்கள். காற்றோட்டத் துளைகள் திறந்திருக்கும் மோட்டார் கொங்கிரீட் வேலைக்கு உதவாது.

கொயில் சுற்றுவதா, புதிது வாங்குவதா?

பழைய வார்ப்பிரும்பு உடல் மோட்டார், செப்புக் கம்பி, தண்டு தேயவில்லை என்றால் என் முடிவு எப்போதும் கொயில் சுற்றுவதுதான். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நல்ல கை உள்ள கடைக்குக் கொடுத்தால், காலும் தண்டும் புல்லியும் அப்படியே பொருந்தும், மேலே சொன்ன அளவு வேலைகள் எதுவும் இல்லை. கொடுக்கும்போது இரண்டு பேரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். 19 மில்லிமீற்றர் தண்டுக்கு பெரும்பாலும் 6204, 24க்கு 6205. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேளுங்கள். செப்பிலேயே சுற்றச் சொல்வதையும் மறக்க வேண்டாம். புதிதாக வாங்கும் மோட்டாரிலும் இதைக் கேளுங்கள். ஒரே வலுவில் இரண்டு மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால், அலுமினியக் கம்பி உள்ளது கையிலேயே இலேசாகத் தெரியும்.

பூட்டுதல்

புது மோட்டாரின் கால் துளைகள் சட்டத்தோடு ஒத்துவராவிட்டால் 8 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒன்றை இடையில் வைத்து, அதில் இரண்டு வகைத் துளைகளையும் போடுங்கள். பலகை வைக்காதீர்கள். ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், போல்ட் தளரும். ஒவ்வொரு போல்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் வேண்டும்.

புல்லியை மோட்டாரின் உடலை ஒட்டினாற்போல எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். தண்டின் நுனியில் இழுவை விழுந்தால் பேரிங்கில் சுமை கூடும். கீ இறுக்கமாக, ஆனால் உயரத்தில் கொஞ்சம் இடைவெளியோடு இருக்க வேண்டும்.

நேர் பார்ப்பதற்கு ஒரு மீன்பிடி நூல் போதும். இரண்டு புல்லிகளின் முகத்தின் மேலாக நூலை இழுத்துப் பிடியுங்கள். பெரிய புல்லியின் இரண்டு விளிம்பும் சின்னப் புல்லியின் இரண்டு விளிம்பும் ஒரே நேரத்தில் நூலைத் தொட வேண்டும். ஒன்று விலகி நின்றாலும் மோட்டாரைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். கோணலாக ஓடும் பெல்ட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கறுப்புத் தூளாகக் கொட்டும்.

பெல்ட் பழையதைப் போடாதீர்கள். ஏ வகை மேலே 13 மில்லிமீற்றர் அகலம், பி வகை 17. புல்லியின் காடிக்கு எதுவோ அதுதான். இறுக்கம் எவ்வளவு? புல்லிகளின் நடுவுக்கு நடு 40 சென்ரிமீற்றர் இருந்தால், பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் நன்றாக அழுத்தும்போது 6, 7 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். அதற்குமேல் இறுக்கினால் பேரிங்கைத் தின்னும். கடைசியாகப் பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடியைத் திரும்பப் பூட்டுங்கள். சாரம் உடுத்தவர்கள் வேலை செய்கிற இடம் அது.

வயர், எர்த், ஸ்டார்ட்டர்

இணைப்பு வேலையை மின்சார வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஈர நிலம், ஈரக் கை, பலர் வெறுங்காலில், நடுவில் ஒரு இரும்பு மெசின். இதற்கு இரண்டு கம்பி வயர் இழுத்து ஓட்டுவது இன்னும் நடக்கிறது. மூன்று கம்பி வயர் இல்லாமல் மெசினை ஓட விடாதீர்கள். மூன்றாவது கம்பி மோட்டாரின் உடலிலும், மெசின் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய ஒரு இடத்திலும் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். புது நிறங்களில் பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் எர்த். பழைய வீடுகளில் சிவப்பு, கறுப்பு, பச்சை. கரண்ட் எடுக்கும் வீட்டில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று வேலை தொடங்குமுன் பாருங்கள். அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுக்கச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்க வேண்டாம். அது விழுவது எங்கோ மின் கசிவதால்.

வயரின் தடிப்பு வன்னியில் தனிக் கதை. காணிகள் பெரியவை. கட்டுகிற வீட்டுக்குக் கரண்ட் இன்னும் வந்திருக்காது, பக்கத்துக் காணியிலிருந்து 50 மீற்றர் இழுக்க வேண்டிவரும். ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போது 6 முதல் 8 அம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்தில் 40 அம்பியர் வரை போகும். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 50 மீற்றர் போய் வர ஏறத்தாழ 1.2 ஓம் தடை. நாற்பது அம்பியருக்கு 48 வோல்ட் வயரிலேயே போய்விடும். மோட்டாரின் இழுவை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறையும். 230இல் 48 போனால் மிச்சம் 182 வோல்ட், இழுவை 63 வீதம். கம்பத்தின் கடைசி வீடாக இருந்து, அங்கேயே 210 வோல்ட்தான் வருகிறது என்றால் இழுவை பாதிதான். அப்போதுதான் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், எல்லாரும் மோட்டாரைத் திட்டுவார்கள். 2.5 வயரில் இழப்பு 30 வோல்ட், 4 சதுர மில்லிமீற்றர் வயரில் 18. ஐம்பது மீற்றருக்கு 4ஐ வாங்குங்கள். ஒருமுறைச் செலவு. உருளையில் சுற்றிய வயர் என்றால் முழுவதையும் அவிழ்த்து விடுங்கள், சுற்றியபடி ஓட்டினால் உள்ளே உருகும்.

ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் ஒரு குதிரைவலு மோட்டாருக்கு 3 கேவிஏக்குக் குறையாமல் வேண்டும்.

சாதாரண சுவர் சுவிச் வேண்டாம். பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள, கரண்ட் நின்றால் தானாக விடுபடும் ஸ்டார்ட்டர் பூட்டுங்கள். கரண்ட் போய்விட்டது என்று ஒருவர் டிரம்முக்குள் கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால், சுவர் சுவிச் போட்டபடியே இருக்கும், மெசின் சுற்றும். ஸ்டார்ட்டர் இருந்தால் பொத்தானை அழுத்தாமல் அது எழும்பாது. அதில் உள்ள ஓவர்லோட் திருகை மோட்டார்த் தகட்டில் உள்ள அம்பியருக்கு வையுங்கள், கூட்டி வைக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தல்

பெல்ட்டைப் போடாமல் முதலில் ஓட்டுங்கள். சுற்றும் பக்கம் நீங்கள் போட்ட அம்புக்குறியோடு ஒத்திருக்கிறதா? இல்லையென்றால் லைனையும் நியூட்ரலையும் மாற்றிப் பயனில்லை, ஒற்றைப் பேஸ் மோட்டார் அதற்குத் திரும்பாது. முனைப் பெட்டிக்குள் தொடக்கக் கொயிலின் இரண்டு முனைகளை இடம் மாற்ற வேண்டும். மூடியின் உள்பக்கத்தில் அதற்கான படம் பெரும்பாலும் இருக்கும்.

காதைக் கொடுங்கள். ஓடத் தொடங்கி ஓரிரு விநாடியில் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். தொடக்கக் கப்பாசிட்டரை வெட்டிவிடும் சுவிச் அது. நிறுத்தும்போது வேகம் குறைகையில் திரும்பவும் ஒரு "டக்". ஓடும்போது அந்தச் சத்தம் வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கப்பாசிட்டர் வெடிக்கும்.

கிளாம்ப் மீற்றர் இருந்தால் லைன் வயரில் மட்டும் மாட்டி அம்பியரைப் பாருங்கள். சுமையில்லாமலே தகட்டு அம்பியரில் முக்கால்வாசி காட்டினால் பயப்பட வேண்டாம், ஒற்றைப் பேஸ் மோட்டார்களின் இயல்பு அது. பத்து நிமிடம் ஓடவிட்டு, பெல்ட்டைப் போட்டு வெறும் டிரம்மைச் சுற்றுங்கள். டிரம்மில் சோக் கோடு ஒன்று போட்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். உங்கள் கணக்கில் வந்த எண்ணோடு ஒத்துவர வேண்டும். பிறகு கால்வாசி, அரைவாசி, முழுச் சுமை. முழுச் சுமையில் தகட்டு அம்பியரைத் தாண்டினால் சுமையைக் குறையுங்கள், அல்லது பல்சக்கரம் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள்.

இனி வேலைக்காரருக்குச் சொல்லி வைக்க வேண்டியவை. டிரம் வெறுமையாக இருக்கும்போது மெசினைத் தொடங்கி, சுற்றும்போதுதான் கலவையைப் போட வேண்டும். நடுவில் கரண்ட் நின்றால் சவளால் அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் திரும்பத் தொடங்க வேண்டும். மழைத் தூறலுக்கு மோட்டாரைச் சீமெந்துப் பையால் இறுக்கிச் சுற்றுவதைத் தடுத்துவிடுங்கள், காற்றுப் போகாமல் உள்ளேயே வேகும். அதற்கு மேல் ஒரு கையளவு இடைவெளி விட்டு தகரக் கூரை ஒன்று வைத்துவிட்டால் மழைக்கும் வெயிலுக்கும் போதும். பல்வளையத்துக்குக் கிறீஸ் பூசக் கூடாது. மணலும் சீமெந்தும் அதில் ஒட்டி, அரைத்துப் பல்லைத் தின்னும். பேரிங் நிப்பிள்களுக்கு மட்டும் கிறீஸ்.

மாரிக்கு மெசினை நிறுத்தும்போது பெல்ட்டைத் தளர்த்தி, எலி எட்டாத இடத்தில் கழற்றி வையுங்கள். திரும்ப எடுக்கும் நாளில் சுவிச்சைத் தொடுமுன் விசிறி மூடியையும் முனைப் பெட்டியையும் கழற்றிப் பாருங்கள். விசிறி மூடியின் துளைகளைக் குளவி மண்ணால் அடைத்திருக்கும், முனைப் பெட்டிக்குள் எறும்பு புற்றெடுத்திருக்கும், சில நேரம் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி காய்ந்து கிடக்கும். தூரிகையால் துப்புரவாக்கி, பெட்டிக்குள் வயர் நுழையும் துளையின் ரப்பர் கழன்றிருந்தால் புதிதாகப் போட்டு மூடுங்கள்.